சர்கீஸ் எழுதிக் கொடுத்த ஏழு இடங்கள்

ஹியாமின் வேனில் ஏறுகிறவர்கள் அவள் சொல்கிற இடத்துக்குத்தான் போவார்கள். இருபது வருஷமாக அதுதான் சட்டம். பிரேசிலுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பிழைக்கப் போனவர்களின் பிள்ளைகள் பெய்ரூத்தில் வந்து இறங்கி, எங்கள் ஊரைப் பார்க்க வேண்டும் என்பார்கள். ஊர்ப் பெயரைத் தவிர அவர்களிடம் வேறொன்றும் இருக்காது. சிலரிடம் அதுவும் தப்பாக இருக்கும். ஹியாம் அவர்களைக் கடலோரத்திலிருந்து மலைக்கு ஏற்றி, வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டி, உள்ளே உட்காரவைத்துக் காபி வாங்கிக் கொடுக்காமல் விடமாட்டாள். இதுவரை அவள் தட்டி ஒரு கதவும் திறக்காமல் இருந்ததில்லை.

அந்த அக்டோபர் சனிக்கிழமை அவளுடைய சட்டம் செல்லவில்லை. வேனில் ஏறிய ஒரே ஆள், அவள் சித்தப்பா சர்கீஸின் மகன் ரூபென்ஸ். சாவ் பாவுலோவில் பிறந்து வளர்ந்தவன், வயது நாற்பத்தைந்து, இந்த மண்ணில் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. சட்டைப்பையில் நாலாக மடித்த ஒரு தாள் வைத்திருந்தான். சர்கீஸ் சாவதற்கு முன்பு கைப்பட எழுதியது. ஏழு இடங்கள், எண் போட்டு. அவற்றை அதே வரிசையில் பார்த்துவிட்டு, நாலு மணிக்குச் சொந்த ஊரான ஐன் லோஸின் மாதா கோயிலில் நடக்கும் நாற்பதாம் நாள் பூசைக்குப் போய்ச் சேர வேண்டும்.

தாளை வாங்கிப் பார்த்த ஹியாம் முதலில் ஏழாவதைத்தான் படித்தாள். "வீடு. கேட்டுக்கு வெளியே நின்று பார். என் அண்ணன் கூப்பிட்டால் மட்டும் உள்ளே போ."

அந்த அண்ணன் ஹியாமின் அப்பா தன்னூஸ். எண்பத்தோரு வயது. தம்பி பெயரை அவர் வாயால் சொல்லி முப்பத்தைந்து வருஷம் ஆகிறது.

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஹியாம் வண்டியைக் கிளப்பினாள். ஊரில் உள்ளவனுக்கெல்லாம் கதவு திறந்துவிட்டவள் தன் வீட்டுக் கதவைத் திறக்க முடியாமல் இந்தப் பையனைத் திருப்பி அனுப்புவதா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிடப் பெரிய கவலை, பூசைக்குப் பிறகு நடக்க வேண்டியது. கோயிலை ஒட்டிய கூடத்தில் வீட்டார் வரிசையாக நிற்க வேண்டும். ஊர் ஒவ்வொருவராக வந்து கைகொடுத்துத் துக்கம் கேட்கும். கதவை ஒட்டிய முதல் நாற்காலி வீட்டுக்கு மூத்தவருடையது. மூத்தவர் வராத கூடத்துக்குள் ஐன் லோஸில் ஒருத்தரும் நுழையமாட்டார்கள். நுழைந்தால் மூத்தவருக்கு எதிராகக் கட்சி சேர்ந்ததாக ஆகிவிடும். காலிக் கூடத்தில் தனியாக நின்றுவிட்டு விமானம் ஏறுகிற ரூபென்ஸ் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டான். சித்தப்பாவின் வம்சம் அத்தோடு போச்சு.

ஃபோன் அடித்தது. ஊரிலிருந்து ஒடெத், பாதிரியாரின் மனைவி. இந்த மலையூர்களில் பாதிரியார்களுக்குக் குடும்பம் உண்டு. கூடத்தில் காபி போடுவது அவள் பொறுப்பு. அவள் வீட்டு அடுப்பங்கரை ஜன்னல் தன்னூஸ் வீட்டுப் பால்கனிக்கு நேர் எதிரே இருப்பதால், அவருடைய நடமாட்டமும் அவள் பொறுப்புதான் என்று அவளாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஹியாம், உங்கப்பா பைஜாமாவுல இருக்கார்."

"காலையில எட்டு மணிக்கு வேற எதுல இருப்பார்?"

"வழக்கமா ஆறரைக்கே பேன்ட் போட்டுடுவாரே. இன்னைக்கு வேணும்னே பைஜாமாவோட வந்து முன்னாடி உட்கார்ந்திருக்கார், ஊரே பார்க்கட்டும்னு. அது கிடக்கட்டும், எனக்கு ஒண்ணு சொல்லு. நான் நாப்பது கப் போடவா, இருநூறு போடவா?"

"இருநூறு போடு."

"துக்கத்துக்குப் போடற கசப்புக் காபிடி. மீந்தா யார் குடிக்கறது?"

"நான் குடிக்கிறேன்," என்று சொல்லி ஹியாம் வைத்துவிட்டாள்.

*

முதல் இடம் ஜூனியே துறைமுகம். ஹியாமுக்கு இது புரியவே இல்லை. ஜூனியேவுக்கு வருகிறவர்கள் கம்பிவண்டியில் தொங்கிக்கொண்டு மலைமேல் மாதா சிலைக்குப் போவார்கள். துறைமுகத்தில் என்ன இருக்கிறது? டீசல் நாற்றமும், வலை காயப்போட்ட சுவரும், வேலையில்லாத நாலு பேரும்தான். ரூபென்ஸ் இறங்கி, படகு கட்டும் கல்மேடையின் ஓரம்வரை போய் நின்றுகொண்டான். நின்றான், நின்றான், அப்படியே நின்றான்.

"தம்பி, இன்னும் ஆறு இடம் இருக்கு," என்றாள் ஹியாம்.

"எங்க ஐயா இங்கதான் எறங்கியிருக்கணும் அக்கா. எறங்கல." அப்பாவிடமிருந்து மட்டுமே பேச்சைக் கற்றவன் அவன். ஐன் லோஸில் எண்பது வயதுக்காரர்கள் பேசுவது மாதிரியே பேசினான். கேட்க வேடிக்கையாக இருந்தது, ஹியாமுக்குச் சிரிப்பு வரவில்லை.

"எப்போ எறங்கல?"

"அப்பத்தா செத்த வருசம். சண்ட காலம். ஏரோப்ளேன் கெடையாது. ஐயா சைப்ரஸுக்கு வந்து, லார்னகாவுல பதினோரு நாளு கெடந்தாரு. ஒவ்வொரு நாளும் தொறைக்குப் போய்க் காத்துக் கெடப்பாரு. கப்பல் கெளம்புற அன்னைக்கு ஏறுவாரு. கப்பல் நடுக்கடல் வரைக்கும் வரும். இந்தத் தொறையில குண்டு விழுதும்பாங்க, திருப்பிருவாங்க. மூணுவாட்டி ஏறி மூணுவாட்டி திரும்புனாரு. மூணாவது வாட்டி இந்த மலை கண்ணுக்குத் தெரிஞ்சுச்சாம்."

பாட்டிக்குத் துக்கம் கேட்ட கூடத்தில் அன்று ஹியாமும் இருந்தாள், பதினைந்து வயது, பெண்கள் பக்கத்துக் கடைசி நாற்காலி. மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பா எழுந்து நின்று, ஊர் மொத்தத்துக்கும் கேட்கிற மாதிரி, "பெத்தவ சாவுக்கு வராதவன் எனக்குத் தம்பி இல்லை. இன்னையோட எனக்குத் தம்பியே இல்லை" என்று சொன்னது இன்றைக்கும் காதில் இருந்தது.

"ஏன்டா இதை ஒரு கடுதாசியில எழுதிப் போடலை?"

"எழுத ஒக்காந்தாரு. அதுக்குள்ள இங்கருந்து வந்த ஒருத்தர், ஒன் அண்ணன் கூடத்துல இப்படிச் சொல்லிட்டாருன்னு சொல்லிப்புட்டாரு. ஐயா பேனாவை மூடிட்டாரு. என்னயப் பத்தி அவன் அப்படி நெனைக்க முடியும்னா நெனச்சுக்கட்டும்னாரு."

நல்ல ஆட்கள். ஒருத்தன் இந்தக் கரையில் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தான், இன்னொருத்தன் அந்தக் கரையில். நடுவில் முப்பத்தைந்து வருஷத்தைக் கொட்டிக் கவிழ்த்தார்கள். இரண்டு பேரையும் ஒரே வேனில் போட்டு மலையேற்றியிருந்தால் இரண்டாவது வளைவிலேயே சரியாகியிருக்கும் என்று ஹியாம் நினைத்தாள். அவள் வேன் ஓட்டத் தொடங்குவதற்கு முன்பே இதெல்லாம் முடிந்துபோயிருந்தது.

ஆனால் அவளுக்கு ஒரு தெம்பு வந்தது. அப்பாவுக்கு இது தெரியாது. தெரிந்தால் இளகிவிடுவார். தெரியப்படுத்த வேண்டியதுதான் பாக்கி.

*

அடுத்த இடங்களை அவள் விரட்டி விரட்டிக் காட்டினாள். ஜுபெய்லில் மீன்பிடித் துறை, பத்து நிமிஷம். தாளில், "பூனைகளுக்கு ஏதாவது போடு" என்று இருந்ததால் ரூபென்ஸ் மீதி வைத்திருந்த, ஸாத்தர் மூலிகைப் பொடி தடவிய ரொட்டியைப் போட்டான். பூனைகள் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. பத்ரூனில் கடலுக்குள் நிற்கும் பழைய கல்சுவர். அதன்மேல் நடந்து போய்த் திரும்ப வேண்டும், பிறகு எலுமிச்சை ஜூஸ். "சர்க்கரையைக் கொட்டுவான், குறைக்கச் சொல்" என்று சர்கீஸ் எழுதியிருந்தார். குறைக்கச் சொன்னார்கள். கடைக்காரன், "யார் சொன்னது?" என்று மல்லுக்கு நின்றான். இவன் அப்பா சொன்னார் என்று ஹியாம் சொன்னதும், எந்த ஊர், எந்த வீடு, யார் மகன் என்று விசாரித்து, கடைசியில் தன் பெரியம்மா ஐன் லோஸில் வாக்கப்பட்டவள் என்று கண்டுபிடித்து, உட்காருங்கள், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று மறித்துக்கொண்டான். அவனிடமிருந்து பிய்த்துக்கொண்டு வர அரை மணி ஆயிற்று. இந்த நாட்டில் ஒரு இடத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாததற்கு ரோடு காரணமில்லை, இந்த உபசாரம்தான் காரணம்.

பாறைமேல் நிற்கும் முஸைல்ஹா கோட்டையைக் கீழேயிருந்தே பார்த்தார்கள். ஐந்தாவது, பலாஆ பள்ளம். மலையே வாயைப் பிளந்த மாதிரி இருக்கும், வசந்தத்தில் அருவி விழும்.

"அக்டோபர்ல சொட்டுத் தண்ணி இருக்காதுடா. போக வர ஒரு மணி நேரம். இதை விட்டுடலாம்."

"ஐயா எழுதியிருக்காரு."

"எழுதும்போது மாசம் போட்டிருந்தாரா?"

"போகலாம் அக்கா."

ஹியாம் அவனைத் திரும்பிப் பார்த்தாள். தாடையை முன்னால் தள்ளிக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தாடையை அவளுக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் கண்ணாடியில் பார்க்கிறதுதான். வண்டியைத் திருப்பினாள்.

பள்ளத்தில் தண்ணீர் இல்லை. ரூபென்ஸ் தாளில் அந்த எண்ணுக்கு நேரே பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டான்.

ஐன் லோஸுக்கு ஏறும்போது மணி இரண்டே முக்கால். ரோட்டோரமெல்லாம் ஆலிவ் பறிப்பு. மரத்தடியில் துணி விரித்து அடித்துக்கொண்டிருந்தவர்கள் வேனைப் பார்த்ததும் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வழக்கமாக ஹியாம் வண்டி போனால் பத்துப் பேர் கை காட்டி, இறங்கு, ஒரு வாய் காபி குடி என்பார்கள். அன்று ஒருவரும் கூப்பிடவில்லை. எல்லோருக்கும் வேனில் யார் இருக்கிறான் என்று தெரியும். எந்தப் பக்கம் சாய்வது என்று முடிவாகும்வரை ஊர் வாயை மூடிக்கொண்டிருந்தது.

ஆறாவது இடமான ஊர் ஊற்றில் ரூபென்ஸ் முகம் கழுவினான். பிறகு வீட்டுக்குப் போனார்கள்.

*

தன்னூஸ் பால்கனியில் கோடுபோட்ட நீலப் பைஜாமாவில் உட்கார்ந்து ஆலிவுக்குக் கல்லால் குத்திக் கீறல் போட்டுக்கொண்டிருந்தார். உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவதற்காக. வேன் நின்றது அவருக்குத் தெரியும். தலை நிமிரவில்லை.

ரூபென்ஸ் இறங்கினான். கேட்டுக்கு ஒரு அடி தள்ளி, தாளில் எழுதியிருந்தபடியே வெளியே நின்றான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்தான். வளைவு வைத்த மூன்று ஜன்னல்கள், சிவப்பு ஓடு, திராட்சைப் பந்தல், பந்தலுக்குக் கீழே பெரியப்பா.

ஐன் லோஸில் வாசலில் வந்து நின்றவனை உள்ளே வா என்று சொல்லாமல் இருப்பது, இருமல் வந்தால் இருமாமல் இருப்பதைப் போல. தன்னூஸ் மின்சார ஆபீஸ்காரனை உள்ளே கூப்பிட்டிருக்கிறார். வழி தப்பி வந்த போலீஸ்காரனைக் கூப்பிட்டிருக்கிறார். தேர்தல் சமயத்தில் தனக்குப் பிடிக்காத கட்சிக்காரனைக்கூடக் கூப்பிட்டுக் காபி கொடுத்துத் திட்டி அனுப்பியிருக்கிறார். இப்போது அவர் உதடு இரண்டு தரம் பிரிந்து மூடியதை ஹியாம் பார்த்தாள். கல் ஆலிவில் படாமல் விரலில் பட்டது.

அவள் கேட்டைத் திறந்துகொண்டு மேலே ஏறினாள்.

"அப்பா, வாசல்ல ஒரு ஆள் நிக்கிறான்."

"கண்ணு தெரியுது எனக்கு."

"கூப்பிடலையா?"

"உன் வேன்ல வந்தவன்தானே. உன் வாடிக்கை. நீ காட்டு வீட்டை."

"அவங்கப்பா அன்னைக்கு வராம இல்லை." ஹியாம் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். காலையிலிருந்து கட்டிவைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். "லார்னகா வரைக்கும் வந்திருக்கார்ப்பா. பதினோரு நாள். மூணு தடவை கப்பல் ஏறியிருக்கார். குண்டு போட்டதால திரும்பியிருக்கு. இந்த மலையைக் கண்ணால பார்த்துட்டுத் திரும்பியிருக்கார்."

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அது அசையவில்லை. ஒரு ஆலிவை எடுத்தார், குத்தினார், பாத்திரத்தில் போட்டார்.

"நாலு தடவை," என்றார்.

"என்னது?"

"மூணு இல்லை, நாலு. அந்தக் கப்பல்ல மருந்து கொண்டுவந்த ஒருத்தன் அடுத்த வருஷம் என்கிட்ட சொன்னான். ஒன் தம்பி டெக்குல உட்கார்ந்து அழுதுகிட்டே வந்தான்னு சொன்னான்."

ஹியாமுக்கு எழுந்து நின்று அந்தப் பாத்திரத்தை உதைக்க வேண்டும்போல் இருந்தது.

"தெரிஞ்சேவா? முப்பத்தஞ்சு வருஷமா தெரிஞ்சேவா இருந்தீங்க?"

"சொல்லிட்டேனேம்மா. கூடத்துல. எல்லார் முன்னாடியும்." அவர் குரல் இறங்கிவிட்டது. "ஊரு எனக்காக அவன் பேரையே எடுக்கறதில்லை. அவன் சிநேகிதக்காரங்க எல்லாம் எனக்காக அவனுக்குக் கடுதாசி போடறதை நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் போய், அய்யா, நான் சொன்னது தப்பு, அவன் வந்தான்னு எப்படிச் சொல்றது? அடுத்த வருஷம் சொல்லலாம், அடுத்த வருஷம் சொல்லலாம்னு இருந்தேன். அவன் செத்துட்டான்."

"இப்பச் சொல்லுங்க."

"இப்ப யார்கிட்டச் சொல்றது?"

"கூடத்துல. சொன்ன இடத்துலயே."

"பைஜாமாவுல இருக்கேன்," என்றார் தன்னூஸ், அது ஏதோ காய்ச்சல் என்கிற மாதிரி.

காலையிலிருந்து அவள் கையில் வைத்திருந்த ஒரே ஆயுதம் அந்த லார்னகா கதை. அது அவர் பெட்டியில் ஏற்கெனவே கிடந்த பழைய சாமான் என்று ஆகிவிட்டது. கெஞ்சுவதில் இனிப் பயனில்லை என்று ஹியாமுக்கு விளங்கிவிட்டது. அவருக்குக் கோபம் இருந்தால் ஆற்றலாம். இது கோபமில்லை, வெட்கம். வெட்கப்படுகிறவனைக் கையைப் பிடித்து இழுத்தால் இன்னும் உள்ளேதான் போவான்.

"சரி," என்று எழுந்தாள். "நாலு மணிக்குப் பூசை. முதல் நாற்காலி காலியா இருக்காது. அதை மட்டும் சொல்லிட்டுப் போறேன்."

"யாரு உட்காருவா?"

"நான்."

"அது ஆம்பளைங்க வரிசை."

"வீட்டுக்கு ஒரு ஆம்பளை பைஜாமாவுல இருக்கார். என்ன பண்றது," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

ரூபென்ஸ் அப்படியே நின்றிருந்தான். கூப்பிடவில்லை என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. தாளில் ஏழுக்கு நேரே கோடு போடாமல் மடித்து வைத்துக்கொண்டான்.

*

பூசைக்குக் கூட்டம் இருந்தது. பூசை கடவுளுக்கு, அதில் கட்சி இல்லை. முடிந்ததும் பாதர் பூலஸ் முன்னால் போக, ஹியாமும் ரூபென்ஸும் பக்கத்துக் கூடத்துக்குள் போனார்கள். பின்னாலேயே வந்த ஊர், கூடத்து வாசலுக்குப் பத்தடி முன்னால் நின்றுவிட்டது. ஆலிவுக் கறை படிந்த கைகளைப் பையில் விட்டுக்கொண்டு, மைதானத்தில் மூன்று பேர் நாலு பேராக நின்று பருவநிலையைப் பற்றிப் பேசினார்கள். நூறு பேருக்குக் குறையாது.

ஹியாம் நேராகப் போய், கதவை ஒட்டிய முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள். ரூபென்ஸ் இரண்டாவதில்.

ஒடெத் காபித் தட்டோடு வந்தவள் அப்படியே நின்றாள்.

"ஹியாம், பொம்பளைங்க பக்கம் அங்கே."

"தெரியும்."

"இந்தக் கூடம் கட்டினதிலிருந்து இதுல பொம்பளை உட்கார்ந்ததில்லைடி."

"கட்டினதிலிருந்து இது காலியாவும் இருந்ததில்லை. காலியா விடறதா, நான் உட்கார்றதா, எது பெரிய தப்புன்னு உன் வீட்டுக்காரரைக் கேளு."

பாதர் பூலஸ் எதிர்ச் சுவரில் இருந்த புனிதரின் படத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர் மாதிரி உற்றுப் பார்க்கத் தொடங்கினார்.

பத்து நிமிஷம் போயிற்று. கால் மணி நேரம். ஒருவரும் வரவில்லை. சுவரோரமாகப் போட்டிருந்த அறுபது நாற்காலிகளும் ரூபென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவன் சட்டைப்பையிலிருந்த தாளை வெளியே எடுத்தான், மடித்தான், உள்ளே வைத்தான்.

"போயிரலாம் அக்கா," என்றான் மெல்ல. "பூசை ஆச்சுல்ல. அது போதும்."

"உன் தாள்ல எத்தனை கோடு போட்டிருக்கே?"

"ஆறு."

"பேசாம உட்காரு."

அவளுக்கும் உள்ளே ஆட்டம் கண்டுவிட்டது. ஆனால் இங்கே எழுந்தால் இனி எந்த வீட்டுக் கதவையும் போய்த் தட்ட முகம் இருக்காது என்று தோன்றியது. முழங்கால்மேல் இரண்டு கைகளையும் ஊன்றி, முதுகை நிமிர்த்தி, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே பேச்சு சட்டென்று நின்றது. கூட்டம் விலகுவது தெரிந்தது.

தன்னூஸ் வந்தார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடுகிற கறுப்புக் கோட்டு. பேன்ட்டும் சரியாக இருந்தது. கோட்டுக் காலருக்கு மேலே மட்டும் நீலக் கோடுபோட்ட பைஜாமாக் காலர் எட்டிப் பார்த்தது, மாற்ற நேரமில்லாமலோ மனமில்லாமலோ. வலது கையை மார்பில் வைத்துக்கொண்டு, துக்கம் கேட்க வருகிற எந்த ஊர்க்காரனும் வருகிற மாதிரி வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். தன் மகள் முன்னால் நின்றார். கையை நீட்டினார்.

"கடவுள் சர்கீஸை இளைப்பாறப் பண்ணட்டும்," என்றார்.

முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர். ஒடெத்தின் தட்டில் கப்புகள் ஒன்றோடொன்று மோதி ஒலித்தன.

கிழவர் வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்திருக்கிறார் என்று ஹியாமுக்குப் புரிந்துவிட்டது. தம்பி இல்லை என்றுதானே சொன்னார்? சாவுக்குப் போகமாட்டேன் என்று சொல்லவில்லையே. ஊர்க்காரனாக வரலாம், கைகொடுக்கலாம், போகலாம். சொன்ன சொல்லும் நிற்கும், தம்பிக்குச் செய்ததாகவும் ஆகும், ஊரும் பின்னாலேயே உள்ளே வந்துவிடும். வக்கீல் வைத்தால்கூட இவ்வளவு நல்ல யோசனை வந்திருக்காது. அந்தக் கையைப் பிடித்து, உங்கள் ஆயுசு நீளட்டும் என்று பதில் சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. கூடம் நிறைந்துவிடும். அவளுக்கு வேண்டியதும் அதுதானே.

ஹியாம் எழுந்தாள். கையைக் கொடுக்கவில்லை.

"வீட்டு ஆளுங்ககிட்ட நான் துக்கம் வாங்கறதில்லைப்பா," என்றாள். அது மைதானம்வரை கேட்டது. நாற்காலியை விட்டு ஒரு எட்டு விலகி நின்றாள். "உங்க இடம் இது."

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. தன்னூஸ் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு வெளியே நடந்திருந்தால் அந்த வீட்டில் அப்பாவும் மகளும்கூடப் பேசாமல் போயிருப்பார்கள், அதுவும் ஹியாமுக்குத் தெரியும். அவர் அவளைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் எழுந்து நின்ற ரூபென்ஸைப் பார்த்தார். அவன் தாடையைப் பார்த்தார். நீட்டிய கை தானாகத் திரும்பி அவன் கன்னத்துக்குப் போயிற்று, அங்கே கொஞ்ச நேரம் இருந்தது.

அப்புறம் அவர் திரும்பி, முதல் நாற்காலிக்கு முன்னால், வாசலைப் பார்த்து நின்றுகொண்டார்.

முதலில் உள்ளே வந்தது ஊற்றுக்குப் பக்கத்து வீட்டு நஸீப், சர்கீஸோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். தன்னூஸுக்காகச் சர்கீஸுக்குக் கடுதாசி போடுவதை நிறுத்தியவர்களில் ஒருவன். கையைப் பிடித்து, கடவுள் அவரை இளைப்பாறப் பண்ணட்டும் என்றான். உங்கள் ஆயுசு நீளட்டும் என்பதுதான் பதில். தன்னூஸ் அதைச் சொல்லவில்லை.

"அவன் வந்தான் நஸீப்," என்றார். "அம்மா சாவுக்கு வந்தான். லார்னகா வரைக்கும் வந்தான். நாலு தடவை கப்பல் ஏறினான். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லலை."

நஸீப் அவர் கையை விடாமல் நின்றான். பின்னால் வந்தவள் தள்ளியதும்தான் நகர்ந்தான். அவளிடமும் தன்னூஸ் அதையே சொன்னார். அதற்கடுத்தவனிடமும். ஒவ்வொருவரிடமும், ஒரு வார்த்தை குறைக்காமல், அவன் வந்தான், நாலு தடவை, எனக்குத் தெரியும், சொல்லலை. வரிசை நகரவே இல்லை. வாசலுக்கு வெளியே மைதானத்தைத் தாண்டி ரோடுவரை ஆள் நின்றது. முப்பதாவது ஆளுக்குச் சொல்லும்போது குரல் கரகரத்துவிட்டது. ஹியாம் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு முப்பத்தோராவது ஆளுக்குச் சொன்னார்.

ஒடெத் ஹியாமின் முழங்கையைக் கிள்ளினாள்.

"நாப்பதுதான்டி போட்டிருக்கேன்."

"இருநூறு போடுன்னு சொன்னேனே."

"யாரு நம்பினா?" என்று முனகிக்கொண்டே அவள் அடுப்பங்கரைக்கு ஓடினாள்.

கடைசி ஆள் போனபோது மலைக்குக் கீழே கடலில் வெயில் மங்கிவிட்டது. தன்னூஸ் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். ரூபென்ஸ் பக்கம் திரும்பினார்.

"மத்தியானம் கேட்டுக்கு வெளியிலயே நின்னியே, கால் வலிக்கலையா உனக்கு?"

"வலிச்சுச்சு பெரியப்பா."

"உள்ளே வர வேண்டியதுதானே?"

ரூபென்ஸ் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து அவரிடம் கொடுத்தான். தன்னூஸ் அதைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், தம்பியின் கையெழுத்தில் ஏழாவதைப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். படித்துவிட்டு அதைத் தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, மகள் தோளைப் பிடித்து எழுந்தார்.

"நட," என்றார். "உள்ளே போகலாம்."